மேல்சபையும் இராஜேஸ்வரியின் வோட்டும்

நார்த்மீட், சிட்னி
23 ஏப்ரல் 1978

அன்பு மகள் கமலினிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். மெல்பேர்ணில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையைப் போடு. அழகுக்குத் தோளில் தொங்கவிடாதே.

நீ போன இரண்டு மாதத்துக்குள் உன் அப்பா அரசியலில் இறங்கிவிட்டார் என்றால் சிரிப்பாய். சிரி. எஸ்.எஸ்.சி.யை இரண்டாம் தரம் எழுதி, யாரோ ஒரு புண்ணியவான் ஆங்கிலத்துக்கு இரண்டு புள்ளி கூட்டிப் போட்டதால் தேறியவன் நான். அப்படிப்பட்டவனை நியூ சவுத் வேல்ஸ் அரசு கூப்பிட்டு, மேல்சபையை என்ன செய்யலாம் என்று யோசனை கேட்கிறது.

விஷயம் இதுதான். ஜூன் 17 சனிக்கிழமை இங்கே சர்வசன வாக்கெடுப்பு. இப்போது மேல்சபைக்கு ஆட்களை இரண்டு சபை உறுப்பினர்களும் சேர்ந்து தங்களுக்குள்ளேயே தெரிவுசெய்கிறார்கள். ஒருவர் உள்ளே போய் இருந்தால் பன்னிரண்டு வருடம் கதிரை சூடாறாது. இனிமேல் சனங்களே நேராக வோட்டுப் போட்டுத் தெரிவுசெய்யலாமா, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுது என்கிறார்கள்.

நான் 'இல்லை'. பக்கத்து வீட்டு ஹார்கிரீவ்ஸும் 'இல்லை'. அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் சம்மதியாத மனிதர். அவரிடம் ஒரு பெட்டி நிறையத் துண்டுப்பிரசுரம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பெயின்ற் களஞ்சியத்தில் வேலை இல்லாதபடியால் வீடு வீடாகக் கடிதப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போகிறேன். இந்தத் தெருவில் எத்தனை நாய் என்று இப்போதுதான் தெரியும். பதினேழு. அதில் இரண்டு என்னைப் பெயர் சொல்லிக் குரைக்கும்.

நான் ஏன் 'இல்லை' என்று நீ கேட்பாய். இலங்கையில் இருந்த எங்களுடைய செனற் சபை உனக்கு ஞாபகம் இருக்கும். கிழட்டு நாய் மாதிரி அது. பல்லில்லை, ஆனால் வாசலில் படுத்திருந்தது. எழுபத்தொன்றில் அதைக் கலைத்தார்கள். அடுத்த வருடம் புது அரசியல் யாப்பு வந்தது. சிறுபான்மைக்குக் காவலாக யாப்பில் இருந்த ஒரு பிரிவும் அதோடு போனது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மேல்சபையில் கை வைக்கிறார்கள் என்று கேட்டவுடனேயே ஹார்கிரீவ்ஸின் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன். இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்.

கடிதம் போடு. சண்டை பிடிப்பதற்கென்றாலும் போடு.

அப்பா

*

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண்
2 மே 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அந்த இரண்டாவது ஆள்?

இந்த ஒரு கேள்வியை எழுதிவிட்டு மூன்று நாள் வைத்திருந்தேன். கிழிக்கவில்லை. ஆகவே தொடர்ந்து எழுதுகிறேன்.

அம்மா போன ஆவணிக் கலவரத்தில் அநுராதபுரத்தில், யோகா சின்னம்மா வீட்டில் இறந்துபோனா. விக்னராஜா சித்தப்பா தன் கண்ணால் கண்டு எழுதிய கடிதம் உங்கள் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஓரிடத்திலும் சொல்வதில்லை. எட்டாம் நாள் போனது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் போனது, ஒரு சடங்கும் செய்யவில்லை. நான் கேட்ட ஒவ்வொரு முறையும் "பொறு பிள்ளை, வடிவாய் விசாரிப்பம்" என்றீர்கள். மாசியில் என்ன நடந்ததென்று இருவருக்கும் தெரியும்.

மார்கழித் தேர்தலில் அம்மா ஏன் வோட்டுப் போடவில்லை, காரணம் சொல்லாவிட்டால் தண்டம் என்று ஒரு காகிதம் வந்தது. நீங்கள் அதில் 'வெளிநாட்டில் இருக்கிறார்' என்று எழுதிக் குசினி மேசையில் காய வைத்திருந்தீர்கள். மை காயும்வரை பக்கத்திலேயே இருந்தீர்கள். அதைக் கண்ட பிறகுதான் நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன், வெளிக்கிட்டு வந்தேன்.

இனி வாக்கெடுப்புப் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அங்கே சபையை எடுத்தார்கள். இங்கே எடுக்கவில்லை, அப்பா. இதுவரை நீங்கள் வோட்டே போட முடியாத ஒரு சபைக்கு உங்களுக்கு வோட்டுத் தருகிறார்கள். நாய்க்கதை நல்ல கதை, ஆனால் இது வேறு நாய். உங்களுக்கு மேல்சபையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை என்று நினைக்கிறேன். ஒன்றும் மாறக்கூடாது, அவ்வளவுதான்.

ஆவணியில் ஒரு வருடம் முடிந்து ஆட்டைத் திவசம் வரும். அதையாவது செய்யுங்கள். செய்தால் வருகிறேன். செய்யாவிட்டால் நத்தார் விடுமுறைக்கும் வரமாட்டேன்.

கமலினி

*

நார்த்மீட்
14 மே 1978

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து உன் அம்மாவின் எழுத்தைப் போலவே சாய்கிறது.

வேறு நாய் என்று எழுதியிருந்தாய். அதை ஹார்கிரீவ்ஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, நாய் எதுவானாலும் இரவில் குரைக்கிறதா என்பதுதான் கேள்வி என்றார். நாய்க்கதையில் நீதான் வென்றாய் என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டேன். ஆனாலும் துண்டுப்பிரசுரத்தை நிறுத்தவில்லை. முந்நூறு மிச்சம் இருந்தது.

நம்மவர்களுக்கென்று ஒன்றைத் தமிழிலும் எழுதினேன். இந்தப் பக்கத்தில் பதினொரு தமிழ் வீடு. பத்து வீட்டில் தேத்தண்ணி தந்து, கடைசியில் 'ஆம்' என்றுதான் போடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பதினோராவது வீடு வெங்கட்ராமனுடையது. மாசியில் சென்னையிலிருந்து வந்த ரயில்வே என்ஜினியர், உனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் பூணூலும் பஞ்சாங்கமும் உள்ள ஒரே வீடு. வாசிக்கத் தொடங்கினவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"என்ன சார் இது, ஜனங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு வீடு வீடா வந்து கேக்கறீங்க? இதுக்கு நாய் கடிச்சா இன்ஷூரன்ஸ் கூடத் தர மாட்டான்."

"நான் சொல்லுறதைக் கேளும். ஒருக்கா மாத்தத் தொடங்கினா நிப்பாட்டேலாது."

"நிப்பாட்ட எதுக்கு? சாம்பார்ல உப்பு இல்லேன்னா போடறதில்லையா?"

"கூடிப்போனா எடுப்பீரோ?"

அவருடைய மனைவி கிரிஜா உள்ளே சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன். சிரிக்கிற நேரம் வாய் சிரிக்கிறது, பிள்ளை. அது தன்பாட்டில் வேலை செய்கிறது. அப்போது வெங்கட்ராமன் கேட்டார்: "மாமி ஊர்லேருந்து எப்ப வர்றாங்க? கிரிஜா ஒரு ஆஸ்பத்திரி வேலை விஷயமா பேசணும்ங்கறா."

"ஜூனில வருவா" என்றேன்.

ஏன் ஜூன் என்று எனக்குத் தெரியாது. வாயில் அந்த மாதம்தான் இருந்தது. எல்லாத் துண்டிலும் அதைத்தானே அச்சடித்திருக்கிறார்கள்.

இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

அப்பா

*

ஸ்பிரிங்வேல்
25 மே 1978

அப்பாவுக்கு,

வெங்கட்ராமன் அங்கிளின் விலாசத்தைத் தொலைபேசி விசாரணைப் பிரிவில் கேட்டு எடுத்தேன். அம்மா இனி வரமாட்டா, இறந்த நாள் இன்னது என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டேன். நீங்கள் கோபிக்கலாம். அவர் உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார், அப்படி அவரைக் கேட்டிருக்கிறேன்.

இங்கே அகதிகள் ஹொஸ்டலில் வேலை கூடிவிட்டது. வியட்நாமில் இருந்து கிழமைக்குக் கிழமை வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவுக் காகிதம். தகப்பன் பெயர், தாய் பெயர், உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா. மொழிபெயர்ப்பாளர் கேட்பார், அவர்கள் சொல்வார்கள், நான் தட்டெழுத்தில் அடிப்பேன். நேற்று மட்டும் 'இறந்துவிட்டார்' என்று பத்தொன்பது முறை அடித்தேன். பிறகு சாப்பிடப் போனேன். கிழங்கு மசியலும் ஆட்டிறைச்சியும். முழுக்கச் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மற்றப் பெட்டையள் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வருகிறார்கள். நான் அவர்களுடைய காகிதத்தையும் அடித்துக் கொடுக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அம்மாவின் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஜூனில் அவ வோட்டுப் போடாவிட்டால் மறுபடியும் அந்தக் காகிதம் வரும். வருமுன் ஒரு வரி எழுதிப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். நான் எழுதலாம். ஆனால் எழுதமாட்டேன். உங்கள் கையால் எழுதினால்தான் அது எழுதியதாகும்.

கமலினி

*

நார்த்மீட்
18 ஜூன் 1978, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

நீ சொன்ன வரியை எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள ஐயா வரை வந்தது.

நேற்று வாக்கெடுப்பு. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நானும் ஹார்கிரீவ்ஸும் நின்றோம். கேற்றுக்கு ஒரு பக்கம் 'ஆம்' ஆட்கள் ஏழு பேர், பலகை, கொடி, சூடான தேத்தண்ணிப் போத்தல். மற்றப் பக்கம் 'இல்லை' ஆட்கள் இரண்டு பேர், ஒரு குடை. சனங்கள் என்னைக் கண்டு கொஞ்சம் திகைத்தார்கள். கறுத்த மனிதன் ஒருவன் குளிரில் குல்லாய் போட்டு நின்று, நியூ சவுத் வேல்ஸின் பழைய மேல்சபையை அப்படியே விடுங்கோ என்று கெஞ்சினால் யார்தான் திகைக்கமாட்டார்கள்? ஒரு கிழவி என் கன்னத்தைத் தட்டி, நீ எந்த ஊர் மகனே என்றாள். சிலோன் என்றேன். அங்கே உங்களுக்கு மேல்சபை இருக்கிறதா என்றாள். இருந்தது என்றேன். துண்டை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். காலையில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

பதினொரு மணிக்கு நானே வோட்டுப் போட உள்ளே போனேன். மேசையில் ஒரு இளம் பெண், கையில் அடிமட்டமும் பென்சிலும். வந்தவரின் பெயருக்குக் கோடு இழுப்பது அவள் வேலை. நான் பெயர் சொன்னேன். கண்டுபிடித்துக் கோடு இழுத்தாள். அடிமட்டத்தை எடுக்கவில்லை. எங்கள் வீட்டு விலாசத்திலேயே அடுத்த வரியில் உன் அம்மா. அவவுக்கும் சேர்த்துக் கோடு இழுத்தால் ஒரு வேலை முடியும் என்று நினைத்தாளோ என்னவோ, நிமிர்ந்து கேட்டாள்: மனைவி வெளியே நிற்கிறாரா?

பின்னேரம் வருவா, வேலையில் நிற்கிறா என்றேன்.

ஆறு மணிக்கு மூடிவிடுவோம், மறக்காமல் வரச் சொல்லுங்கள் என்றாள். நல்ல பிள்ளை.

பென்சில் கட்டியிருக்கும் மறைப்புக்குள் போனேன். போன வருடம் வைகாசியில் நடந்த வாக்கெடுப்புக்கும் இதே மண்டபம்தான். நாலு கேள்வி. நானும் உன் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து மறைப்பில் நின்றோம். வெளியே வந்ததும் அவ சொன்னா: "இஞ்சாருங்கோ, நீங்கள் என்ன போட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நாலையும் நான் வெட்டிப்போட்டன்." எங்கள் இருவரின் வோட்டையும் கூட்டினால் எப்போதும் பூச்சியம். இந்த நாட்டு அரசுக்கு எங்களால் ஒரு நாளும் நன்மையும் வந்ததில்லை, தீமையும் வந்ததில்லை.

என் கையில் ஒரு காகிதம். சட்டைப் பைக்குள் 'இல்லை' துண்டு ஐம்பது. எட்டுக் கிழமை நாய்க்கடிக்குத் தப்பி நடந்திருக்கிறேன். இந்த விஷயத்தில் அவ என்ன போட்டிருப்பா என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு மணிக்கு மண்டபத்தை மூடிவிடுவார்கள். அவ வரமாட்டா.

'ஆம்' என்று எழுதினேன்.

பெட்டிக்குள் போட்டபின் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் நின்ற மனிதர் தொண்டையைச் செருமினார். வெளியே வந்து மீதி ஐம்பது துண்டையும் கொடுத்து முடித்தேன். ஹார்கிரீவ்ஸிடம் சொல்லவில்லை. அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகவே நேற்று வோட்டுப் போடாதவன் நான்தான்.

அப்பா

*

ஸ்பிரிங்வேல்
29 ஜூன் 1978

அன்புள்ள அப்பாவுக்கு,

'ஆம்' வென்றுவிட்டது. நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் என்று இங்கே பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். உங்கள் ஒரு வோட்டால் மேல்சபை விழவில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரம் வாசித்தேன். அப்போதும் ஒன்றும் செய்யவில்லை. மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் மேலாளர் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். சைகோனில் இருந்து வந்த ஒரு தையல்காரரின் பதிவு. தாயின் பெயர் என்ற இடத்தில் இராஜேஸ்வரி மகேந்திரராஜா என்று அடித்திருந்தேன். இறந்துவிட்டார் என்பதற்கு நேரே புள்ளடி அடையாளம். அடித்தது எனக்குத் தெரியாது. அந்தத் தையல்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவருடைய தாயின் பெயரைச் சரியாக அடித்துக் கொடுத்தேன். அவருடைய தாய் உயிருடன் இருக்கிறா.

மேலாளர் என்னை இரண்டு நாள் வீட்டில் நிற்கச் சொன்னார். நிற்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மாசியில் குசினியில் சொன்னதைப் பற்றி எழுதவேண்டும். கலவரக்காரர் வந்த அன்று அம்மா, சித்தப்பா ஆட்களோடு தப்பிப் பின்வேலி வரைக்கும் வந்தவ. பாஸ்போர்ட் இருந்த கைப்பையை எடுக்கத்தான் திரும்ப வீட்டுக்குள் போனவ. அதற்கு முதல் கிழமைதான் நீங்கள் அவவுக்குப் போட்ட கடிதத்தில், "பாஸ்போர்ட்டைத் தொலைத்தால் என்னையும் சேர்த்து நாடு கடத்துவார்கள், நான் உன்னுடைய விசாவில் பெட்டி படுக்கையாக வந்தவன்" என்று பகிடி எழுதியிருந்தீர்கள். "நீங்கள் அப்பிடி எழுதாட்டி அவ போயிருக்கமாட்டா" என்று சொன்னேன்.

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. நெருப்பு வைத்தவர்கள் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வரவில்லை. அது மட்டும் தெரியும்.

காகிதம் வரும். வந்தால் எழுதுங்கள்.

கமலினி

*

நார்த்மீட்
20 ஓகஸ்ட் 1978

அன்பு மகளுக்கு,

காகிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பழையது மாதிரியேதான். பெயர், விலாசம், வாக்களிக்கத் தவறிய காரணம். காரணத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் சனங்களுக்கு எவ்வளவு காரணம் இருக்கும் என்று யாரோ இருந்து அளந்திருக்கிறான்.

முதலில் பென்சிலால் எழுதினேன். ஐயா, என் மனைவியின் வோட்டு விழுந்துவிட்டது, விழாதது என்னுடையது, தண்டம் விதிப்பதானால் என்மேல் விதிக்கவும் என்று. வாசித்துப் பார்த்தேன். பகிடி. பகிடியாக எழுதிய ஒரு கடிதம் போதும். அழித்தேன்.

பிறகு மையால் எழுதினேன். என் மனைவி இராஜேஸ்வரி 1977 ஓகஸ்ட் மாதம் இலங்கையில் இறந்துவிட்டார் என்று. ஆங்கிலத்தில் எழுதியபடியால் யாரோ வேறு வீட்டுக்காரரின் செய்தி போல இருந்தது. ஒரு வரிதான். மீதி இரண்டு வரியையும் சும்மா விட்டேன். மை காயும்வரை பக்கத்தில் இருக்கவில்லை. ஒற்றி எடுத்து, உறையில் போட்டு, செருப்புக்கூட மாற்றாமல் போய்ப் பெட்டிக்குள் போட்டேன். திரும்பி வந்து வேலைக்குப் போனேன். பெயின்ற் தகரங்களை அடுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடியவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. உனக்கும் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். இது குடும்ப வியாதிபோல.

உனக்கு இதைத் தமிழில் எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன். அம்மா செத்துப்போனா, பிள்ளை.

நேற்று வெங்கட்ராமன் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன்பே பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் திதி ஆவணி வளர்பிறைப் பஞ்சமி, செப்டெம்பர் ஏழு, வியாழக்கிழமை என்று பார்த்து வைத்திருக்கிறார். எப்போது பார்த்தார் என்று கேட்டேன்.

"மே மாசமே பார்த்துட்டேன் சார். உங்க பொண்ணு எழுதினாளே. நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்."

"நான் வராம விட்டிருந்தால்?"

"அடுத்த வருஷப் பஞ்சாங்கம் வாங்கியிருப்பேன்."

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து முதலில் அதற்குச் செய்யவேண்டியதைச் செய்ய வேண்டுமாம், அதன்பிறகுதான் திவசம். தர்ப்பைக்கு இங்கே எங்கே போவது என்று கேட்டேன். பரமட்டா ஆற்றங்கரையில் ஒரு புல்லைப் பார்த்து வைத்திருப்பதாகவும், பகவான் அவுஸ்திரேலியப் புல்லையும் ஏற்றுக்கொள்வார் என்றும் சொன்னார். கிரிஜா சமைக்கிறாவாம். ஹார்கிரீவ்ஸிடமும் சொன்னேன். கொல்லையில் நெருப்பு வளர்த்தால் புகை தன் பக்கம் வரலாம், பரவாயில்லை என்று வேலிக்கு மேலால் சொன்னார்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்பிள்ளை இல்லாதபடியால் நான்தான் செய்யவேண்டும். செய்கிற ஆள் இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டுமாம், ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு கை தண்ணீருக்கும். பழகிப் பார்ப்போம் என்று வெங்கட்ராமன் என்னை உட்கார வைத்தார். "பேரைச் சொல்லுங்க சார்" என்றார். நான் வாயைத் திறந்தேன். கையில் தண்ணீர் வைத்திருந்தேன். அது விரலுக்குள்ளால் ஒழுகி முடிந்தது. இன்னொரு கை தண்ணீர் விட்டார். அதுவும் ஒழுகியது. மூன்றாவது தரம் அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பரவாயில்லை சார், அன்னைக்குப் பார்த்துக்கலாம் என்றார்.

எழுதியாகிவிட்டது. சொல்லத்தான் முடியவில்லை.

நீ எனக்குப் பக்கத்தில் இரு. நான் தண்ணீரைப் பிடிக்கிறேன். பெயரை நீ சொல்லு. புதன்கிழமையே வந்துவிடு.

அப்பா